முப்பத்து நாலு புள்ளி ஒன்பது

முப்பத்து நாலு புள்ளி ஒன்பது… அதில் என்ன குறை, காய்ச்சல் இல்லை என்றுதானே அர்த்தம், படிவத்தில் கேட்டிருப்பதும் அவ்வளவுதான், முப்பத்தெட்டுக்கு மேல் உண்டா இல்லையா, இல்லை என்று டிக் அடித்தாயிற்று, இருபத்திரண்டு பேருக்கும் இல்லை, அப்புறம் ஏன் இந்த ஓர் எண் மட்டும் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்துகிறது? லாஞ்சுப் படகு குலுங்கிக் குலுங்கிக் கரையை நோக்கிப் போகிறது, மடியில் பை, பைக்குள் படிவம். திரும்பிப் பார்த்தால் கப்பல் அங்கேயேதான் நிற்கிறது, உச்சியில் மஞ்சள் கொடி. நான் அலுவலகம் போய் முத்திரை குத்தி அனுமதி அனுப்பும்வரை அந்தக் கொடி இறங்காது, ஒருத்தரும் கரையில் கால் வைக்க முடியாது. துறைமுக சுகாதார அதிகாரி என்றால் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை, கப்பலுக்கே ஊசி போடுவியாக்கா என்று தங்கை கேட்பாள். ஊசி எங்கே போடுகிறேன், வெப்பமானித் துப்பாக்கியை நெற்றி நெற்றியாக நீட்டிக்கொண்டு திரிகிறேன். இவர்கள் போன வாரம் நின்ற துறைமுகத்தில் ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம், இங்கேயும் அங்கொன்று இங்கொன்றாகத் தலைகாட்டுகிறது.

கேப்டன் நல்ல மனிதர், காப்பி கொடுத்தார், ஒன்பது கேள்விக்கும் ஒரே மூச்சில் இல்லை, இல்லை, இல்லை. "ஒண்ணுமில்ல மேடம், எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க." எல்லாக் கேப்டனும் இதைத்தான் சொல்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், எப்படி இவர்களுக்கு இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று. கடைசி ஆள் சமையல்காரர். "அடுப்புல வேலையா இருந்துட்டேன் மேடம்" என்று மூச்சிரைக்க ஓடி வந்து நெற்றியை நீட்டினார். முப்பத்து நாலு புள்ளி ஒன்பது. நான்கூடக் கிண்டலாக, என்ன, ஐஸ்பெட்டிக்குள்ள குடியிருக்கீங்களா என்றேன். சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பதினொரு மாதமாகக் கப்பலிலேயே இருக்கிறார், நாளைக் காலை ஊருக்கு விமானம். "நான் ஏறும்போது பையன் கைக்குழந்தை மேடம். இப்ப ஃபோனைத்தான் அப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கான், ஃபோன் அடிச்சா அதுக்கு முத்தம் குடுக்குறான்." எனக்கு மனசு இளகிப் போனது, டிக் அடித்தேன், நல்லபடியா போய்ட்டு வாங்க என்றுகூடச் சொன்னேன்.

அடுப்படியில் நின்றவருக்கு நெற்றி எப்படிக் குளிரும்? இருபத்திரண்டு பேர் சாப்பாடு கொதிக்கும் இடத்திலிருந்து வந்தவர், புருவத்தில் ஈரம் மின்னியதை வியர்வை என்று நினைத்தேனே, எந்த வியர்வை நெற்றியை இவ்வளவு குளிரவைக்கும்… பக்கத்திலேயே இறைச்சி வைக்கும் குளிர் அறை. கதவைத் திறந்து உள்ளே போய், உறைந்த மூட்டை எதிலோ நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தன் பெயரைக் கூப்பிடும்வரை நின்றிருக்கிறார். பாவி மனுஷா! ஆனால் இது எனக்கு எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பார்த்தவள் மாதிரி? தெரியாமல் என்ன. காலையில் என் சின்ன மகளின் நெற்றியில் ஈரத் துண்டைப் போட்டு எடுத்தவள் யார்? ஆறு மணிக்கு முப்பத்தெட்டரை, "அம்மா, தலை கனமா இருக்கு", ஸ்கூலுக்குப் போனா சரியாயிடும்டா என்று ஒரு மூடி காய்ச்சல் மருந்து, போகும் வழியெல்லாம் ஈரத் துண்டு. வீட்டுக்காரர் வெளியூரில், எனக்கு லீவு தீர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, நான் வராவிட்டால் இந்தக் கப்பலைப் பார்க்க வேறு ஆளில்லை. பள்ளி வாசலிலும் இப்போது அதே துப்பாக்கிதான். முப்பத்தஞ்சரை, சூப்பர் பாப்பா என்றார் காவலாளி, எனக்குப் பரீட்சையில் பாஸானது போல இருந்தது. வகுப்பில் நாற்பது குழந்தைகள்.

"அண்ணே, திருப்புங்க."

லாஞ்சு ஓட்டுகிற அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "எதையாவது மறந்துட்டீங்களாம்மா? சாப்பாட்டு நேரமாச்சு."

ஒருத்தரை மறுபடி பார்க்கணும்ண்ணே என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே திருப்புகிறார். சமையல்காரரை அரை மணி நேரம் என் எதிரில் உட்காரவைக்க வேண்டும், வாயில் வைக்கிற வெப்பமானி பையில் இருக்கிறது, அதை எந்தக் குளிர் அறையாலும் ஏமாற்ற முடியாது. காய்ச்சல் இருந்தால் விமானம் போயிற்று, பத்து நாள் தனி அறை. இல்லாவிட்டால்… இல்லாமல் இருக்காது. அவர் கையால்தான் அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள், விமானத்தில் இருநூறு பேர், அப்புறம் ஃபோனுக்குக் கொடுத்த முத்தத்தை அந்தக் குழந்தை முதல் தடவையாக அவருக்கே கொடுக்கும். எனக்கு அழுகை வருகிறது, அவர்மேல் வைத்திருந்த கோபத்தையும் காணோம்.

கப்பல் பெரிதாகிக்கொண்டே வருகிறது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி வெள்ளைச் சமையல் தொப்பி ஒன்று நிற்கிறது, வழியனுப்பவோ என்னவோ கையை உயர்த்துகிறது, லாஞ்சு திரும்பி வருவது புரிந்ததும் அந்தக் கை மெல்ல இறங்கித் தன் நெற்றியில் நிற்கிறது. நான் கைபேசியை எடுத்துப் பள்ளிக்கூடத்தை அழைக்கிறேன். நாலாவது மணியில் எடுக்கிறார்கள், மகளின் பெயரையும் வகுப்பையும் சொல்கிறேன்.

"சொல்லுங்க மேடம், என்ன விஷயம்? பாப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

வாரத்துக்கு இருபது கேப்டன்களிடம் நான் கேட்கிற கேள்வி. வாயைத் திறக்கிறேன், நாக்கு நுனியில் தயாராக வந்து நிற்கிறது அந்த ஒரே பதில்… ஒண்ணுமில்ல.