பதிமூன்றாவது குறை

தைரியராஜ் விரல் முட்டியால் சுவரைத் தட்டினால் வீடு தன் குறைகளைத் தானே சொல்லிவிடும் என்பது திருச்சி வீட்டுத் தரகர்களுக்குத் தெரியவந்தது 2015ஆம் வருஷம் ஆடி மாதத்தில். ஆடியில் இந்த ஊரில் யாரும் வீடு பார்க்கப் போவதில்லை. தைரியராஜுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான், கும்பல் இல்லாத மாதத்தில் நிதானமாகப் பார்க்கலாமே என்று மனைவி லூர்துராணியைக் கூட்டிக்கொண்டு உறையூருக்குப் போனார். அவருக்கு வையம்பட்டி போகும் வழியில் இருக்கும் பீங்கான் ஆலையில் செக்கர் வேலை. ஊறுகாய் ஜாடி, வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை என்று சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் நல்ல சரக்கு, ‘டொப்’ என்றால் உள்ளே விரிசல். இருபது வருஷம் இதையே செய்த கை சும்மா இருக்குமா? தர்ப்பூசணி, தேங்காய், கரண்ட் கம்பம், சர்ச்சில் பெஞ்சு என்று கண்டதையெல்லாம் தட்டும். உறையூர் வீட்டுக் கூடத்தில் பேச்சோடு பேச்சாகச் சுவரையும் தட்டியது. வீடு தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேக்கு மூலைல பில்லர் கம்பி துருப்பிடிச்சிருக்கு. மாடிக்கு பிளான் அப்ரூவல் கெடயாது. மழைன்னா சமையக்கட்டுல கணுக்கால் தண்ணி” என்றது. பிஸ்கட் தட்டோடு வந்த வீட்டுக்காரர் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டார். வீடு பேசியதில் அந்தத் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. விற்கப்போகிற வீட்டைப் பற்றி ஒருவர் உண்மை பேசிவிட்டார் என்பதைத்தான் ஒரு வாரம் பேசினார்கள்.

லூர்துராணிக்கு வேண்டியது பெரிய வீடு இல்லை. ஒரு ஆணி. கல்யாணத்தன்று அவளுடைய பங்குச் சாமியார் கையால் கொடுத்த திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று அவளிடம் இருந்தது. கூடத்தில், வாசலைப் பார்த்த சுவரில், அதை மாட்டி வீட்டை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். ஆனால் கல்யாணமான நாள் முதல் வாடகை வீடு. பீமநகர், பாலக்கரை, மேலப்புதூர், பொன்மலை, இப்போது தென்னூர் என்று பதினோரு வீடு மாறியாயிற்று. பதினோரு வீட்டுக்காரர்களும் சாவியைக் கொடுக்கும்போது சொன்ன முதல் வார்த்தை, சொல்லிவைத்த மாதிரி, “செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க” என்பதுதான். ஆகவே ஆண்டவர் முதலில் பீரோவின் மேலும், ஃப்ரிட்ஜ் வந்தபின் ஃப்ரிட்ஜின் மேலும் சுவரில் சாய்ந்து நின்றார். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் உதற, அவரும் ஒரு விரற்கடை நகர்வார். லூர்துராணி அவரை நேராக்கிவைப்பாள். ஆணி மட்டும் தயாராக, துருப்பிடிக்காமல், அரிசி டிரம்முக்குள் இருந்தது. பாவம், அவளும் என்ன செய்வாள், வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் திரும்பப் போடுவாள். இந்தத் துன்பத்துக்கெல்லாம் முடிவு வருமென்றுதான் உறையூருக்குக் கூட வந்தாள். வந்த இடத்தில் இப்படி.

உறையூரையும் சேர்த்து ஒன்பது வருஷத்தில் தைரியராஜ் தனக்கென்று நாற்பத்தாறு வீடுகளைத் தட்டினார். தென்னூர் அடுக்குமாடி வீடு ஒன்று, தட்டியதுதான் தாமதம், “சார், என்னை விடுங்க, லிஃப்ட்டைக் கேளுங்க” என்று பொறுப்பைத் தள்ளிவிட்டது. சமயபுரம் ரோட்டில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத புது வீடு வாய்விட்டு அழுதது. தன்னைக் கட்டின மேஸ்திரி கலவையில் என்னென்ன சேர்த்தார் என்று அது சொல்லச் சொல்ல லூர்துராணிக்கே கண் கலங்கி, சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு வீடு கொஞ்சமும் பதறவில்லை. “அடியேன் விண்ணப்பம். வடக்குச் சுவரிலே கொள்ளிடத்து ஈரம் ஏறிண்டே இருக்கு. பின்கட்டிலே தம்பியாருக்குப் பாகம் உண்டு, அவர் திருவுள்ளம் இன்னும் இரங்கலே” என்று பவ்யமாகச் சொல்லி முடித்தது. வீட்டுக்கார மாமா வெட்கப்பட்டுக்கொண்டே, “எங்களாண்ட ஒரு நாளும் இது பேசினதில்லே, கேட்டேளா” என்றார். வில்லங்கச் சான்று எடுத்தாலும் தெரியாத வில்லங்கமெல்லாம் இப்படி ஒரு தட்டில் வெளியே வந்தது.

இதில் அதிகம் அடிபட்டவர் தரகர் ஜெய்சங்கர். நல்ல மனுஷர், நாக்கில் தேன், தொழிலில் கெட்டிக்காரர். முதலில் அவர் தைரியராஜின் கையில் எப்போதும் எதையாவது கொடுத்துவைத்துப் பார்த்தார்: ஒரு கையில் இளநீர், ஒரு கையில் பத்திர நகல். தைரியராஜ் முழங்கையால் தட்டினார். பிறகு ஒரு வீட்டின் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றை ஒட்டி அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டிவைத்தார். வீடு பேசியது, சளி பிடித்தவர் குரலில் பேசியது, அவ்வளவுதான் வித்தியாசம். குறைகளின் பட்டியலில் அந்தப் பூப்போட்ட காகிதத்தையும் சேர்த்துச் சொன்னது. ஜெய்சங்கர் தலையில் அடித்துக்கொண்டார். இதற்குள் விஷயம் பரவி, வீடு வாங்கப் போகிறவர்களெல்லாம் தைரியராஜைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். முசிறியிலிருந்துகூட வந்தார்கள். அவர் தட்டுவார், வீடு சொல்லும், வந்தவர்கள் குறையைக் காட்டிப் பேரம் பேசி அதே வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிவிடுவார்கள். தைரியராஜ் மட்டும் பஸ் பிடித்து வாடகை வீட்டுக்குத் திரும்புவார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இதை லூர்துராணி அவர் காதுபடவே சொல்வாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியாது.

2024 ஏப்ரலில் தென்னூர் வீட்டுக்காரர் முகமது இஸ்மாயில் படியேறி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. “தப்பா நெனைக்காதீங்க. சபீனா பிள்ளைங்களோட ஷார்ஜாவுலேருந்து மொத்தமா வந்துடறா. மே முடியறதுக்குள்ள வீடு வேணும். உங்கள மாதிரி குடித்தனம் எனக்கு இனி அமையாதுங்க, இன்ஷா அல்லாஹ் உங்களுக்கு நல்ல எடமா கெடைக்கும்” என்றார். மகள் வருகிறாள் என்றால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அன்றைக்கு லூர்துராணி சமைக்கவில்லை. பதினோராவது முறையாக ஜாடிகளைப் பழைய பேப்பரில் சுற்றினாள். கடைசியாகப் படத்தை இறக்கித் துடைத்தாள். “ஏங்க, இன்னொரு வாடகை வீட்டுக்குன்னா இவரை நான் எடுத்துட்டு வரலங்க. சர்ச்சுலயே கொடுத்துடறேன். அங்கயாவது மாட்டுவாங்க” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தைரியராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது.

நாற்பத்தேழாவது வீடு எடமலைப்பட்டி புதூரில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மட்டுவார்குழலியுடையது. தங்கையோடு போய் இருக்கப்போகிறேன் என்று விற்கிறார். தைரியராஜ் தட்டியதும் வீடு வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளை மாதிரி வரிசையாகச் சொன்னது. பாத்ரூம் கதவு மழைக்கு ஊதிக்கொள்ளும். கூடத்தின் தரை கிழக்கே சரிவு, எலுமிச்சம்பழத்தை வைத்தால் வாசலுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நம் வீட்டுச் சட்டியில் வறுத்த மாதிரி இருக்கும். இப்படிப் பதினொன்று சொல்லி நிறுத்தியது. “பன்னெண்டாவதை மறந்துட்டியே” என்றார் டீச்சர் சுவரைப் பார்த்து. பிறகு தைரியராஜிடம், “மார்கழி வந்தா தெருமுனைக் கோயில்ல ஸ்பீக்கரை இந்தப் பக்கமாத்தான் திருப்பிக் கட்டுவாங்க. அது தன் குறை இல்லன்னு இது சொல்லாது. நான் சொல்லிடணும் இல்லீங்களா?” என்றார். வீடு ஒரு நொடி யோசித்து, “ஆமாங்க டீச்சர், அதையும் சேத்துக்கங்க” என்றது. ஜெய்சங்கர் இந்தத் தொழிலில் இப்படியொரு விற்பனையைப் பார்த்ததில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

தைரியராஜ் நெற்றியைச் சுருக்கினார். “பன்னெண்டு ஆச்சே லூர்து. சரிப்படாது” என்றார். லூர்துராணி அப்போது செய்ததைத்தான் இன்றைக்கும் புதூரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். எட்டி அவர் நடுமண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். அவள் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. சத்தம் ‘டொப்’ என்று கேட்டதாக ஜெய்சங்கர் பின்னால் சத்தியம் செய்தார். தைரியராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி, வீடுகள் பேசும் அதே சமமான குரலில், தன்னைச் சொல்ல ஆரம்பித்தார்.

“வலது காது நாலு வருஷமா சரியாக் கேக்கல. கம்பெனில சொல்லல. உங்கம்மா போன் பண்ணா தூங்கற மாதிரி படுத்துக்குவேன். ஜாடி விரிஞ்சா சூளைக்காரன்கிட்ட திருப்பி அனுப்பிடலாம், வீடு விரிஞ்சா யார்கிட்ட அனுப்பறது? அதான் பயம். ஒன்பது வருஷமா பயம். எந்த வீட்டுக்கும் பாஸ்னு சொல்ல வாய் வரல. நீ படத்தை நேராக்கி வைக்கிறதைத் தெனமும் பாத்துருக்கேன். பாக்காத மாதிரி பேப்பர் படிச்சேன்.” அதோடு நின்றுவிட்டார். நின்றபின் தான் பேசியது என்ன என்று அவருக்கே புரிந்து முகம் கறுத்துவிட்டது.

லூர்துராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னால் அழுகை வந்தது, இரண்டையும் சேலைத் தலைப்பில் துடைத்தாள். “இவ்வளவுதானா? நம்ம வீட்ல இருக்கற அத்தனை ஜாடியும் கம்பெனில செகண்ட்ஸ்னு நீலச் சாக்கட்டியால பெருக்கல் குறி போட்டு, தொழிலாளிங்களுக்குன்னு ஒதுக்கினதுதானே? பெரிய ஜாடிக்கு மூடி கோணல். முப்பது வருஷமா ஒரு சொட்டு எண்ணெய் கசிஞ்சிருக்கா? உங்களையும் செகண்ட்ஸுன்னு தெரிஞ்சுதாங்க வச்சிருக்கேன். எங்கயும் திருப்பி அனுப்பலியே” என்றாள். டீச்சர் உள்ளே போய்க் காபி போட்டார். தைரியராஜ் வெகுநேரம் சட்டைப் பையைத் துழாவி, ஆலையிலிருந்து கூடவே வந்த நீலச் சாக்கட்டியை எடுத்து, வாசல் நிலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். “செகண்ட்ஸ். எடுத்துக்கறோம்” என்றார். வீடு பெருமூச்சு விட்டதில் ஜன்னல் கதவுகள் நான்கும் படபடவென்று அடித்துக்கொண்டன.

மே இருபத்தாறாம் தேதி சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். டீச்சரும் வந்தார், சபீனா பிள்ளைகளோடு வந்தாள், இஸ்மாயில் பாய் ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தார். அதையும் மாட்ட ஆணி வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. லூர்துராணி அரிசி டிரம்மிலிருந்து ஆணியை எடுத்து வந்தாள். சுத்தியலை யாரிடமும் கொடுக்கவில்லை. மூன்று அடி. இரண்டாவது அடியில் கொஞ்சம் காரை உதிர்ந்தது. படம் மாட்டியபின் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள், கூடத்துத் தரை சரிவாகையால் ஜெபம் முடிவதற்குள் அத்தனை பேரும் அரையடி கிழக்கே நகர்ந்திருந்தார்கள். நீலப் பெருக்கல் குறியைப் பார்த்த தெருக்காரர்கள் என்னவோ கண்திருஷ்டிக்கு என்று நினைத்து அவரவர் நிலையிலும் போட்டுக்கொண்டார்கள். இப்போது அந்தத் தெருவில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு ஜெய்சங்கர், “இங்க எல்லாமே சொல்லிட்டு விக்கறதுதாங்க” என்கிறார். வியாபாரம் நன்றாகவே போகிறது.

கை வழக்கத்தை விடுமா? மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகையில் தைரியராஜ் கூடத்துச் சுவரைத் தட்டினார். அன்றிலிருந்து தினமும் தட்டுகிறார். வீடும் சலிக்காமல் பாத்ரூம் கதவிலிருந்து ஸ்பீக்கர் வரை சொல்லும். லூர்துராணி பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டே சமையற்கட்டிலிருந்து, “தெரியும், தெரியும்” என்பாள். ஆனால் அந்த முதல் நாள் காலை பன்னிரண்டையும் முடித்துவிட்டு வீடு நிறுத்தவில்லை. கொஞ்சம் தயங்கி, “பதிமூணு. கூடத்துச் செவுத்துல ஒரு ஆணி” என்றது.

லூர்துராணி அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். “அது நான் அடிச்சது” என்றாள்.

வீடு, “சரிங்கம்மா” என்றது.