மூச்சாலேயே இளைத்தவள்

அண்ணி அந்தப் பொய்யைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. லிஃப்டில் மேல்வீட்டு டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஆளே பாதியாயிட்டீங்களே, என்ன ரகசியம்?" என்று கேட்டாள். அண்ணியின் வாயில் சட்டென்று வந்தது: "மூச்சுப் பயிற்சிதான்." ஆபரேஷன் செய்து வயிற்றைச் சின்னதாக்கிக்கொண்டேன் என்றால், வாயைக் கட்டத் துப்பில்லாதவள் என்பார்கள். மூச்சு என்றால் மரியாதையே வேறு.

பொய் மளமளவென்று மாடி ஏறி இறங்கியது. "எங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்று கட்டடத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் காலை வகுப்பு ஆரம்பமாயிற்று. முதல் நாள் சாயங்காலம் போனில் பார்த்ததை, மறுநாள் காலையில் அண்ணி காலங்காலமாகச் செய்து வருபவள் போலச் சொல்லிக் கொடுத்தாள். "மெதுவா இழுங்க. அடிவயிறு எழும்பணும். இப்ப விடுங்க." குற்றம் சொல்வானேன், பலருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எல்லாருக்கும் முன்னால் பாயை விரித்தவள் நாத்தனார். கணவனின் தங்கை. விடுதிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். முட்டி இரண்டும் மக்கர் பண்ணின. எடை குறையாவிட்டால் நின்று செய்யும் வேலையை மறந்துவிடு என்று டாக்டர் கறாராகச் சொல்லி, சாப்பாட்டு முறை சொல்லித் தரும் ஒரு அம்மாவிடம் போகச் சொல்லியிருந்தார். அவள் போகவில்லை. "எங்க வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்?" என்று பெருமையாகச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போது மூச்சை விட்டாள், இழுக்கும்போது இழுத்தாள். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

மாதங்கள் போயின. எடை கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணிக்கு உள்ளுக்குள் உறுத்தாத நாளில்லை. உண்மையைச் சொல்ல வாய் திறப்பாள். உடனே கார் நிறுத்துமிடத்துப் பாய்களும் "உங்களால முடிஞ்சிருக்கு பாருங்க" என்ற பேச்சும் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், நாத்தனார் இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். அண்ணன்காரனுக்கு நாக்கு அரித்தது.

"உங்க அண்ணியப் பாரு, மூச்சு விட்டே இளைச்சிட்டா. நீயும் மூச்சுதானே விடுற? உனக்கு மட்டும் என்ன கேடு?"

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான்! இருந்தும் அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் சிரித்து வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அண்ணி பின்னாலேயே போனபோது அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. உங்க நேரத்தையெல்லாம் வீணாக்கிட்டேன். நாலு விரிப்பு தேய்க்கிறதுக்குள்ள மூச்சு எண்ணிக்கை தப்பிப்போயிடுது. எனக்கு மூச்சுகூட ஒழுங்கா விடத் தெரியல."

அண்ணி கூனிக் குறுகிப் போனாள். இதற்கு மேல் தாங்காது. குழாயை மூடினாள். சட்டையின் ஓரத்தைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். சின்னச் சின்னத் தழும்புகள்.

"மூச்செல்லாம் ஒண்ணுமில்லடி. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். கம்பெனி டிரெயினிங்னு சொல்லிட்டுப் போனேனே, அப்பத்தான்."

திட்டுவாள், கையில் இருந்த தட்டையாவது போட்டு உடைப்பாள் என்று நின்றாள். நாத்தனார் தழும்புகளையே பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

அண்ணி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"கூட யாரு இருந்தா?"

"உங்க அண்ணன்."

"அண்ணனுக்கு ஒரு வெந்நீர் வைக்கத் தெரியுமா? என்கிட்ட சொல்லியிருந்தா லீவு போட்டு வந்திருப்பேனே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. நாளைக்கு நான் டாக்டர் சொன்ன அந்த அம்மாவைப் போய்ப் பாக்குறேன். நீங்க கவலைப்படாதீங்க, வகுப்புல யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அதைக் கேட்டதும் அண்ணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று உடம்பே லேசானது. எதிரே நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த நிம்மதிக்காகத்தான் அண்ணி பிறகு வெட்கப்பட்டாள், பொய்யைவிட அதிகமாக.