வைக்காத டம்ளர்

"நான் வாயை மூடிக்கிட்டு நிக்கிற நேரமாப் பார்த்து நீ வாயைத் திறப்பே. அதுக்குப் பேரு சேவையா?" என்றாள் அக்கா.

தங்கை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். கூண்டு நேற்றுதான் முளைத்திருந்தது. குழுவில் இருந்த தச்சர், எங்கேயோ கழித்துப் போட்ட ஜன்னல்களைச் சேர்த்து மண்டபத்தின் பின்சுவரோடு அடித்து நிறுத்தியிருந்தார்.

அந்த மண்டபம் முன்பு டயர் கிடங்கு. மழை பெய்தால் இன்னும் ரப்பர் வாடை வரும். பகலில் தைப்பவர்கள், மரம் இழைப்பவர்கள், வயரிங் செய்பவர்கள் எல்லாம் மாலையில் அங்கே கூடி நாடகம் போடுவார்கள். அவர்களுக்குத் தலைவி அக்கா. தையல் கடை வைத்திருக்கிறாள். எழுதுவது, இயக்குவது, நடிப்பது எல்லாம் அவளே. 'யார் வேணும்னாலும் வரலாம்' என்று வாசலில் பலகை எழுதி மாட்டியதும் அவளே.

அந்தப் பலகையை நம்பி ஒருவர் வந்ததில்தான் வினை ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருப்பவர். கண் தெரியாது. போன நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார்: "கடைசியில நீங்க எல்லாரும் ஒண்ணா மூச்சை இழுத்தீங்க. எதுக்குன்னு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். 'உஷ்'னார். வாசல்ல என்னவோ எழுதியிருக்காமே, அதுல 'கண்ணு உள்ளவங்க மட்டும்'னு சேர்த்துடுங்க. ஒரு பஸ் மிச்சம்."

தங்கை பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். அன்றைக்கே அவரிடம் போய், "அடுத்த நாடகத்துக்கு வாங்க சார். மேடையில நடக்கறதை நான் உங்க காதுல சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கண் தெரியாதவர்கள் காதில் சின்னக் கருவியை மாட்டிக்கொள்வார்கள். கூண்டில் இருப்பவள், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மட்டும் பேச வேண்டும். கண்ணில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும். 'கண்ணைத் துடைக்கிறாள்' என்று சொல்லலாம். 'வருத்தப்படுகிறாள்' என்று சொல்லக் கூடாது. வருத்தமா, தூசியா என்பதைக் கேட்பவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், அக்காவின் பெயரே அந்த இடைவெளிகளில்தான் இருந்தது. வசனம் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சும்மா நிற்க அவள் ஒருத்திதான் என்பார்கள்.

"ஒத்திகையில கேட்டேன். பிளாட்பாரம் மூணுல அம்மா அழறாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"அழுதாத்தானே சொல்லப்போறேன். நீ எங்க அழுதே? மூஞ்சியை மூடிக்கிட்டே. 'மூஞ்சியை மூடிக்கிறாங்க'ன்னுதான் சொன்னேன்."

மேடையில் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்காவின் கணவர் மட்டும் குனிந்து மேஜைக் காலுக்கு அட்டை வைப்பதில் மும்முரமாக இருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பது அவருக்குத் தொழில்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள் அக்கா. "நாளைக்கு ஒரு காட்சி இவ பேசட்டும். மேடையில நடக்காத ஒண்ணை ஒரு தடவை சொன்னாலும் போதும், கூண்டைப் பிரிச்சுடணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள் தங்கை.

நாடகம் இதுதான்: லாரி மோதி ஒரு பையன் இறந்துவிடுகிறான். ஓட்டிய டிரைவர் தண்டனை முடிந்து, பையனின் அம்மாவைத் தேடி வீட்டுக்கு வருகிறான். அம்மா அவனை என்னென்னவோ கேட்கிறாள். கடைசியில் பேச்சு நின்றுபோகிறது. அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் மேஜையில் வைக்கிறாள். டம்ளர் மேஜையைத் தொட்டதும் எலக்ட்ரீஷியன் விளக்கை அணைப்பார். அவ்வளவுதான். அம்மாவாக நடிப்பது அக்கா, டிரைவராக அவள் கணவர்.

விளக்கு அணைந்த அடுத்த நொடி கைதட்டல் கிளம்பிவிடும். கேட்பவர்களும் கருவியைக் கழற்றிவிட்டுத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குமேல் எதைச் சொன்னாலும் காற்றில்தான் போகும். அதனால் டம்ளர் மேஜையை நெருங்கும்போதே, படுவதற்கு முன்னாலேயே, 'வைக்கிறாங்க' என்று சொல்லிவிட ஒத்திகையில் தங்கை பழகியிருந்தாள்.

அவள் முந்திக்கொள்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. ஆபரேட்டர் தன் நண்பர்கள் சிலரையும் கூட்டி வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் குரல் பஸ் நிலையத்தை மறந்து தாழ்ந்து ஒலித்தது. "டிரைவர் வாசல்லயே நிக்கறான். செருப்பைக் கழட்டறதா வேண்டாமான்னு காலைத் தூக்கி இறக்கறான்." மூன்றாவது வரிசையில் தலைகள் ஆடின. ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

கடைசிக் கட்டம் வந்தது. அக்கா டம்ளரோடு வந்தாள். குனிந்தாள். டம்ளர் இறங்கியது.

"டம்ளரை அவன் முன்னாடி வைக்கிறாங்க" என்றாள் தங்கை.

டம்ளர் நின்றது. மேஜைக்கு ஒரு விரல் மேலே. அக்கா தலையை நிமிர்த்தினாள். மண்டபம் முழுவதையும் தாண்டி நேராகக் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தூக்கிக்கொண்டு திரும்பி உள்ளே நடந்தாள். அவள் கணவர் பாதி நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியன் திகைத்துப்போய் ஒருவழியாக விளக்கை அணைத்தார்.

"இல்லை, வைக்கலை. எடுத்துட்டுப் போயிட்டாங்க. கேக்குதா? வைக்கலை" என்று தங்கை மைக்கில் சொன்னாள். மூன்றாவது வரிசையில் கருவிகள் மடியில் கிடந்தன. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காட்சி முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பார்வையாளர்களைப் பேசவிடுவது இந்தக் குழுவின் வழக்கம். மேடையில் நின்றவர்கள் வட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. நடித்ததற்கெல்லாம் விளக்கம் சொல்லிக் கழுத்தறுக்கிறார்கள் என்று அக்கா போட்ட சட்டம் அது.

மருந்துக்கடைக்கார அம்மாள் முதலில் எழுந்தாள். "கடைசியில தண்ணியைக் கொடுக்காம உள்ள போனாங்க பாருங்க, அதுதான் சரி. பெத்த வயிறு எரியாதா?"

"கொடுக்காமயா?" என்றார் ஆபரேட்டர். "வெச்சாங்களேம்மா."

"இல்ல சார். எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"உங்களுக்குக் கண்ணு எப்படி?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"என் காதும் நல்லாத்தான் இருக்கு. வைக்கிறாங்கன்னு கேட்டேன். மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சு எனக்கு மூக்கெல்லாம் ஒழுகிப்போச்சு. இப்ப இல்லைங்கறீங்க. அதைத் திருப்பி உள்ள இழுக்கவா?"

வட்டம் முழுக்கக் கூண்டுப் பக்கம் திரும்பியது. அக்கா தாடையை உயர்த்தி, சட்டப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டோரச் சிரிப்பை மட்டும் மூட முடியவில்லை.

தங்கை வெளியே வந்தாள். மேடையில் நிற்காதவள் என்பதால் அவள் பேசலாம். 'என் தப்பு' என்று சொன்னால் கூண்டு போச்சு. 'அக்கா வேணும்னே செஞ்சா' என்று சொல்லலாம். ஆனால் வேணும்னே என்பதைக் கண்ணால் பார்த்தவர் யார்? மைக் இருப்பதுபோல நின்றுகொண்டு, அதே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"டம்ளர் மேஜைக்கு ஒரு விரல் மேல நின்னுது. அது படறதுக்கு முன்னாடியே வைக்கிறாங்கன்னு சொல்லிட்டேன். அது என் அவசரம். அப்புறம் அவங்க நிமிர்ந்தாங்க. டிரைவரைப் பார்க்கலை. கூண்டைப் பார்த்தாங்க. பார்த்துட்டு டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போனாங்க."

"அட, ஆமா" என்றாள் மருந்துக்கடைக்கார அம்மாள். "மேல எங்கயோ பார்த்தாங்க. நான் கடவுளைப் பார்க்கறாங்கன்னு நெனச்சேன்."

"அங்க நான்தான் இருந்தேன்."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அந்த நேரத்தில் மண்டபத்துச் சுவரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவராக யோசிப்பது முகங்களில் தெரிந்தது.

"நான் யாரையும் பார்க்கலை" என்றாள் அக்கா.

எலக்ட்ரீஷியன் தொண்டையைக் கனைத்தார். "வட்டம் இன்னும் முடியலைம்மா. நீ பேசக் கூடாது."

அக்காவின் முகம் செங்கல்லாகச் சிவந்தது.

"அப்ப அவங்களுக்கு ஒரு நாடகம், எங்களுக்கு ஒரு நாடகமா?" என்றார் ஆபரேட்டர். "நாளைக்கும் வரேன். எல்லாரும் பார்க்கறது எதுவோ அதுதான் எனக்கு வேணும். கொடுத்தா கொடுத்தாங்கன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. முந்திரிக்கொட்டை வேலை வேண்டாம்."

"எனக்கும் அந்தக் காதுல மாட்டறது ஒண்ணு கொடுங்க. கண்ணு தெரிஞ்சே கடவுள்னு ஏமாந்திருக்கேன்" என்றாள் மருந்துக்கடைக்கார அம்மாள்.

கூட்டம் கலைந்ததும் அக்கா தச்சரைக் கூப்பிட்டாள். "பேசினது பேசினதுதான். தப்பாச் சொன்னா. கூண்டைப் பிரிங்க."

தச்சர் பீடிக்கட்டைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். "ஆணி அடிச்சவன் நான். பிடுங்கறதா இருந்தாலும் நான்தான் பிடுங்கணும். எனக்கு மனசில்லை. உனக்கு இருந்தா சுத்தியல் அந்தப் பெட்டியில இருக்கு."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். சுற்றிலும் நின்றவர்களையும் பார்த்தாள். சுத்தியலை எடுக்கவில்லை. நேரே தங்கையிடம் போனாள்.

"ஊர் பார்க்க என்னை உரிச்சுட்டே."

"பார்த்ததைச் சொன்னேன்."

"அம்மா செத்ததுலேர்ந்து உனக்குச் சோறு போட்டவ நான்."

"சோத்துல உப்பு சரியா இல்லைன்னாலும் சொல்லியிருக்கேனே. புதுசா என்ன?"

அக்கா கூண்டை ஒரு முறை பார்த்தாள். "கூண்டு இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு டம்ளரை வைப்பேனா மாட்டேனான்னு உனக்குச் சொல்லமாட்டேன். லைட்டுக்காரருக்கும் சொல்லமாட்டேன்."

"எனக்காவது சொல்லுவியா?" என்றார் கணவர்.

"உங்களுக்கு எதுக்கு? நீங்க உட்கார்ந்துதானே இருக்கப்போறீங்க." மறுபடி தங்கை பக்கம் திரும்பினாள். "அந்த மூணாவது வரிசைக்கு நான் போய்ச் சேர நடுவுல ஒரு தரகர் வேண்டாம். நாளைக்குக் காட்டறேன்."

"காட்டு. நான் சொல்றேன்."

அன்று மூவரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். கணவர் திருப்பங்களில் தேவையில்லாமல் கையைக் காட்டிக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த மாலை வாசலில் கருவி கேட்டு ஒரு வரிசையே நின்றது. பாதிப் பேர் கண் தெரிந்தவர்கள். அக்கா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வேடிக்கை பார்க்க வந்திருக்குதுங்க" என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் நடித்த மாதிரி குழுவில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. கேள்வி ஒவ்வொன்றும் டிரைவரை அடித்தது. கணவர் நிஜமாகவே வேர்த்துப்போனார்.

"கடைசியில விளக்கு அணைஞ்சாலும் கருவியைக் கழட்டிடாதீங்க. இன்னிக்கு நான் முந்திக்கமாட்டேன்" என்று தங்கை காட்சி தொடங்கும் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

அக்கா டம்ளரோடு வந்தாள். மேஜைக்கு எதிரே நின்றாள். டம்ளர் அவள் மார்புக்கு நேராக இருந்தது. தங்கை மைக்கில் வாயை வைத்தபடி காத்திருந்தாள். எலக்ட்ரீஷியனின் விரல் சுவிட்சின் மேல் தயாராக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஆபரேட்டர் கழுத்தை முன்னால் நீட்டினார். தங்கை பேசவில்லை. அக்கா நகரவில்லை. எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டு அடங்கியது.

டம்ளர் மேஜையில் இடிபோல இறங்கியது.

ஸ்டீல் மரத்தில் மோதிய சத்தம் கிடங்கின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. விளக்கு அணைந்தது. ஆபரேட்டர் மெல்லத் தலையசைத்தார். யாரும் எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. சொல்லத் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைத் தங்கை விழுங்கினாள். அக்கா ஜெயித்துவிட்டாள். அது கூண்டுக்குள் இருந்தவளுக்கு நன்றாகவே உறைத்தது.

ஆனால் விளக்கு அணைவதற்கு முந்தின கணத்தை அவள் பார்த்திருந்தாள். கண்ணில் பட்டதைச் சொல்வதுதானே முறை. இன்னும் யாரும் கை தட்டவில்லை. அவள் மைக்கை நெருங்கி, ஒரு சின்ன மாற்றமும் இல்லாத குரலில் சொன்னாள்:

"தண்ணி பாதி மேஜையில. மீதி டிரைவர் மடியில."

இருட்டில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மருந்துக்கடைக்கார அம்மாளும் சேர்ந்துகொண்டாள். கருவி மாட்டியிருந்த மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மாட்டாதவர்கள், பிள்ளை செத்த வீட்டில் யாரடா சிரிப்பது என்று இருட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"என்னங்க சொன்னா அவ?"

"எனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் கணவர். "என் காதுல என்ன மாட்டியா இருக்கு? நனைஞ்சுபோய் உட்கார்ந்திருக்கேன். ஒரு துணி எடு முதல்ல."