வளைந்த பிறகு

படிகத்தின் எக்ஸ்ரே படம் கணினித் திரையில் வந்தபோது, அக்கா பின்மேசையில் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரே ஆய்வகத்தில் ஒரே நாற்றத்தைச் சுவாசித்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? நாளையிலிருந்து அவள் பெயின்ட் கம்பெனிக்காரி.

இளையவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூலக்கூறு வளைந்துதான் இருந்தது.

கார்பன் வளையங்களை அறுகோணமாகவே ஒட்டிக்கொண்டு போனால் தரையில் பதித்த ஓடு மாதிரித் தட்டையாகக் கிடக்கும். நடுவில் ஓர் ஐங்கோணம் வைத்துச் சுற்றிலும் மூடினால் ஓரங்கள் எழும்பிக் கிண்ணமாகிவிடும். கிண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் அவற்றினூடே மின்சாரம் ஓடும், சுருட்டி வைக்கிற திரைகள்கூடச் செய்யலாம். காகிதத்தில் எல்லாம் சரிதான். குடுவையில்தான் கடைசி வளையம் மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. சூடேற்றினால் தார், குறைத்தால் போட்டது போட்டபடி. அந்தத் தாரைச் சுரண்டியே இருவருக்கும் தோள்பட்டை போயிற்று.

வளையங்களை மூடும் வரிசையை மாற்றிப் பார்க்கலாம் என்றது அக்காதான். சொன்ன கையோடு வேறு வேலைக்கும் மனுப் போட்டாள். மகள் தன்னை ‘ஞாயித்துக்கிழமை அம்மா’ என்று கூப்பிடுவதாக ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இதைச் சொன்னால் அக்கா இருந்துவிடக்கூடும். சொல்லாவிட்டால் நிம்மதியாகப் போவாள். இளையவள் படத்தை மூடினாள். கைகழுவப் போனாள். முகத்தையும் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, மூடியதைத் திறந்தாள்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க.”

நின்றபடி பார்த்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படத்தைச் சாய்த்தாள், திருப்பினாள். ஒவ்வொரு வளையமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். அழப்போகிறாள் என்று இளையவள் நினைத்தாள். அக்கா கொட்டாவி விட்டாள்.

“நெசமாவே வளைஞ்சிருச்சு.”

இளையவள் படபடவென்று பேசினாள். ஆய்வகத் தலைவர் சாரிடம் தானே சொல்வதாக, அக்காவின் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று, எல்லாம். கடைசியில் மெல்லக் கேட்டாள்: “இது போன மாசமே வந்திருந்தா இருந்திருப்பீங்கல்ல?”

“இருந்திருப்பேன். அதான் பயமா இருக்கு.” அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது வளைஞ்சா, அடுத்து இதப் படலமாக்கணும். படலம் வெடிப்பு விடும். அதுக்குக் கொஞ்ச வருஷம். எனக்குத் தெம்பில்லடி.”

“இது உங்களோடது.”

“அப்ப கட்டுரையில என் பேரை மொதல்ல போடு. போடலன்னா வந்து ஒதைப்பேன்.”

இளையவளின் தலையில் கை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

இளையவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே தெருமுனையில் அக்கா சாலையைக் கடக்கக் காத்திருந்தாள். பச்சை விளக்கு விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் கடந்து போனார்கள். அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். விளக்கு மறுபடி சிவந்தது. வண்டிகள் அவளை மறைத்துக்கொண்டு ஓடத் தொடங்கின.