கிரேன்காரருக்கு ஒரு டம்ளர் பச்சை

காலை ஏழு மணிக்கு அந்தச் சமையலறைக்குள் வெயில் வருவதே தனி அழகு. ஜன்னல் கண்ணாடியில் தயங்கித் தயங்கி நின்று, அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி மெதுவாக இறங்கி, மிக்சி ஜாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாரில் கீரையும் வெள்ளரிக்காயும் வாழைப்பழமும் அரைபட்டுக் கிடந்தால் கேட்கவே வேண்டாம், குளத்துக்கு அடியில் யாரோ ஒரு வீடு கட்டிக் குடியேறின மாதிரி அறை முழுக்கப் பச்சை. கலரக்கா தலையை இந்தப் பக்கம் சாய்த்து ஒருமுறை, அந்தப் பக்கம் சாய்த்து ஒருமுறை அந்தப் பச்சையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு இன்னும் இரண்டு புதினா இலை போடுவாள்.

கலரக்கா என்பது பெயின்டர்கள் வைத்த பெயர். பெயிண்ட் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிறம் கலக்குகிறவள். ஒருத்தர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக் கொண்டுவந்து இதே நிறத்தில் சுவர் வேண்டும் என்று நின்றால் போதும், கடையில் இருக்கிற மெஷின் யோசித்து முடிப்பதற்குள் இவள் மூன்று சொட்டு அதில், ஒரு சொட்டு இதில் என்று விட்டுப் பொத்தானையும் டின்னையும் அக்கா தங்கை ஆக்கிவிடுவாள். இன்னொரு விஷயத்திலும் அவள் பிடிவாதக்காரி. நைலான் துணியில் வடிகட்டாமல் ஒரு டின்கூடக் கடை வாசலைத் தாண்டாது. கட்டி இருந்தால் சுவரில் வேர்க்குரு மாதிரி பொரிப் பொரியாகத் தெரியும், அப்புறம் கடைக்கு என்ன மரியாதை?

அவள் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். ஓட்டினவர் என்றுதான் அப்போது சொல்ல வேண்டியிருந்தது. ஒரு காய்ச்சல் வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டு எழுந்தபோது ஆள் பாதியாகிப் போயிருந்தார். காய்ச்சல் போனது சரி, போகிற போக்கில் பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். குடிக்கக் கொடுத்தால் மட்டும் குடிப்பார்.

கம்பெனி டாக்டரம்மா எடை பார்த்தாள். ஐம்பத்தொன்று. எட்டு வாரத்துக்குள் ஐம்பத்துநாலைத் தொட்டால்தான் மேலே ஏற விடுவேன், முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறுகிற ஏணி, நடுவில் தலை சுற்றினால் யார் பதில் சொல்வது என்றாள். அதுவரைக்கும்தான் கிரேன் கேபினை அவருக்காக வைத்திருப்பார்களாம். அதற்குமேல் வேறு ஆள் ஏறிவிடுவான், இவருக்குக் கீழே ஸ்டோர் ரூமில் தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பதினாறு வருஷம் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷர். ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கீரை, வெள்ளரி, கேரட், வேகவைத்த பட்டாணி, வாழைப்பழம், அதோடு பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை, எள், ஊறவைத்த சியா விதை. எல்லாவற்றையும் அரைத்து ஒரு நாளைக்கு நாலு டம்ளர். விதைதான் முக்கியம், சத்தெல்லாம் அதில்தான் என்று அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கலரக்கா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். விதைகளை ஒரு கை போடச் சொன்ன இடத்தில் ஒன்றரைக் கை போட்டாள். கேரட்டை மட்டும் விட்டுவிட்டாள். பச்சைக்குள் சிவப்பு விழுந்தால் சேறாகிவிடும், இது கடையில் நேற்று வந்த சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். நோயாளிக்குச் சேற்றையா கொடுப்பது? அரைத்து, நிறம் பார்த்து, கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த நைலான் துணியில் வடிகட்டி, ஒரு துளி கட்டி இல்லாமல், கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டுவாள். பட்டுத்துணி மாதிரி வழவழவென்று இருக்கும்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து அதை வாங்கி, மெல்லக் குடித்து முடித்து, மனசுக்குள் தான் எங்கே இருக்கிறார் என்று சொல்வார். இது எப்படி ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒருநாள் வயலுக்கு மேலே மிதந்தேன் என்பார். ஒருநாள் ஆற்று வளைவு தெரிந்தது, படகு எறும்பு மாதிரி போனது என்பார். புதினா கூடின அன்றைக்கு மேகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம், கைப்பிடியெல்லாம் ஈரமாம். கலரக்கா கடைக்குப் போய் டின்னுக்குள் குச்சியை விட்டுச் சுழற்றும்போதும் அந்த ஆறு அவளோடு வரும். சுழல்கிற பெயிண்டுக்குள் படகு தெரியும். எதிரில் நிற்கிற பெயின்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கரையேறுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எடை மட்டும் ஏறவில்லை. முதல் வாரம் ஐம்பத்தொன்று. இரண்டாவது வாரமும் அதே. மூன்றாவது புதன்கிழமை எடை மெஷினில் முள் ஐம்பதரையில் போய் நின்றது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். கலரக்காவுக்குக் கோபம் மூக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்றுக்கு ஒன்றரையாகக் கொடுக்கிறேன் என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரு இடத்தில் நின்றார். தூரத்தில் யாரோ கிரேனைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் விளிம்பில் தினமும் வந்து உட்காருகிற புறாக்களைப் பார்த்தபடி அவர் கூப்பிட்டார்.

"இந்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்தப் புறா எல்லாம் முன்னாடி நம்மள மாதிரிதானே ஒல்லியா இருந்துச்சு? இப்ப பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒவ்வொண்ணும் நடக்கவே மாட்டேங்குது. அதுங்களுக்கு என்ன போடுற நீ? அதுல கொஞ்சம் எனக்கும் குடேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்க வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த துணியைப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தினமும் நாலு வேளை பிழிந்து, அப்படியே ஜன்னல் விளிம்பில் உதறிக்கொண்டிருந்த துணி. மெதுவாகப் பிரித்தாள். உள்ளே ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருண்டை. பூசணி விதை, எள், ஆளி விதை, ஜவ்வு மாதிரி சியா, பட்டாணிச் சக்கை எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சாய்ந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. டாக்டரம்மா இரண்டு கோடு போட்டதெல்லாம் அங்கேதான் இருந்தது. டம்ளரில் இருந்தது வெறும் நிறம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்காமல் போகவே அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"சத்தை எல்லாம் புறாவுக்குப் போட்டுட்டு உங்களுக்குப் பெயிண்ட் குடுத்திருக்கேங்க."

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் அவரும் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் ஐந்துதான் இருக்கிறது என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து மறுபடி அரைத்தாள். இந்தத் தடவை கேரட்டையும் போட்டாள், விதைகளை நன்றாக ஊறவைத்துக் கூடவே விட்டாள், துணியைத் தொடவில்லை. ஜாரைத் திறந்தால் மழை நாளில் வாய்க்கால் ஓடுமே, அந்த நிறம். அங்கங்கே புள்ளி வேறு. கடையில் இப்படி ஒரு டின் வந்திருந்தால் கலந்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். டம்ளரில் ஊற்றிவிட்டாள், நீட்ட மட்டும் கை வரவில்லை.

"ஏன் வச்சுக்கிட்டே நிக்கிற?"

"கலரைப் பாருங்க. இதைப் போய் எப்படிக் குடுக்கிறது?"

"கலரா? நான் கண்ணை மூடிக்கிட்டுத்தானே தாயே குடிக்கிறேன். என்னிக்குக் கலரைப் பாத்தேன்?"

மூன்று வாரமாக அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடின பச்சையை அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை. இதற்கு அழுவதா, அடிப்பதா என்று தெரியாமல் டம்ளரைக் கையில் திணித்தாள். அவர் குடித்தார். குடித்தார் என்பதைவிட மென்றார் என்று சொல்லலாம். தாடை அசைந்து எத்தனை நாளாயிற்று. அவள்தான் பொறுக்கமாட்டாமல் இன்றைக்கு எங்கே என்று கேட்டாள்.

"மேல இல்ல," என்றார். "கீழ நிக்கிறேன். கால்ல செருப்பு இல்ல. மண்ணு ஈரமா இருக்கு, விரலுக்கு நடுவுல வருது."

நான்காவது வாரம் ஐம்பத்தொன்றேகால். அடுத்தது ஐம்பத்திரண்டு. டம்ளர் நாலு ஐந்தானது. ஒருநாள் பட்டாணியை அரைக்காமல் போட்டுப் பார்த்தாள், கரண்டியால் தேடித் தேடி எடுத்துத் தின்றார். வேகவைத்த பீட்ரூட் சேர்ந்த அன்றைக்கு டம்ளர் என்ன நிறம் என்று சொல்லும்படி இல்லை, அவளும் பார்க்கவில்லை. ஏழாவது வாரம் ஐம்பத்து மூன்றரையில் நின்று, கடைசிப் புதன்கிழமை அவர் செருப்பைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, பையில் இருந்த சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். ஏமாற்றிப் போனால் மேலே காற்று கண்டுபிடித்துவிடும் என்றாராம். முள் ஆடி ஆடி, ஐம்பத்துநாலைக் கொஞ்சம் தாண்டி, ஒரு கோடு தள்ளி நின்றது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. கலரக்கா ஒரு தாத்தாவின் பழைய சைக்கிள் நிறத்துக்கு நீலம் கலந்துகொண்டிருந்தாள். குச்சியை அப்படியே விட்டுவிட்டு எடுத்தாள். முதலில் வெறும் காற்றுச் சத்தம். ஒரு பெரிய புத்தகத்தை யாரோ பொறுமையாகப் புரட்டுகிற மாதிரி. அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம்.

ஏறிவிட்டாராம். நடுவில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாராம். கேபின் கண்ணாடியில் தூசி, அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். கீழே எல்லாம் அப்படியேதான் இருக்கிறதாம், மரம்தான் கொஞ்சம் வளர்ந்துவிட்டதாம். அவள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு அந்தக் காற்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபிளாஸ்க்ல குடுத்தியே, அதைக் குடிச்சிட்டேன்," என்றார். "ஏறி உக்காந்ததுமே."

"பதினோரு மணிக்குத்தானே குடிக்கச் சொன்னேன்?"

"அது வரைக்கும் தாங்கல. இன்னும் பசிக்குது. நாளையிலேர்ந்து டப்பாவுல சாப்பாடு கட்டிக் குடு, தாயே. இது பத்தாது."