கால் எட்டிய வண்டி

என் கணவர் குழந்தைசாமி கூட்டுறவுச் சங்க சூப்பர்வைசர். விராலிமலையைச் சுற்றி ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். அதற்காக 1964-இல் திருச்சியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. உயரம்தான் வண்டிக்கு அதிகம், அல்லது இவருக்குக் குறைவு. உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. ஆகையால் மைல்கல் இருக்கும் இடத்தில்தான் நிறுத்துவார். கல்லின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொள்வார். அவரிடம் பேச வேண்டியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மைல்கல்லடியிலேயே காத்திருப்பார்கள்.

பொன்னமராவதிப் பக்கத்தில் இருக்கிற என் பிறந்த வீட்டு வாசலில் மைல்கல் இல்லை. பொங்கலுக்குப் போனபோது நிறுத்திய இடத்திலேயே இருவரும் சாய்ந்து விழுந்தோம். என் அண்ணன் உடையப்பனும் காத்தாயி மதினியும் ஓடி வந்து தூக்கினார்கள். தூக்கிவிட்டுச் சிரித்தார்கள். சோறு போடும்போது மறுபடியும் சிரித்தார்கள்.

வைகாசியில் அண்ணன் மகள் செவந்திக்குக் காதுகுத்து வந்தது.

"நான் பஸ்ஸுல வாரேன். நீங்க ஒங்க குதிரையில வாங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளதைச் சொன்னால் எனக்கும் பஸ்ஸில் போக மனமில்லை. அதே வாசலில், அதே வண்டியிலிருந்து, விழாமல் இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது.

மறுநாளே மெக்கானிக் ஞானமணியிடம் போனார். ஞானமணி பின்சக்கரத்து ஸ்பிரிங்குகள் இரண்டையும் கழற்றிவிட்டுக் குட்டையான ஜோடி ஒன்றை மாட்டினான். சீட்டு தாழ்ந்தது. இவர் நடுரோட்டில் நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினார். "பாத்தியா செங்கமலம், பாத்தியா?" என்று கேட்டுக் கிளம்பியவர், கண்மாய்க்கரை வளைவில் திரும்பாமல் நேரே போய்க் கடலைக்கொல்லைக்குள் இறங்கினார்.

"சூப்பர்வைசரய்யா, கடலை பறிக்க இன்னும் நாளு கெடக்கு" என்றார் கொல்லைக்காரர் பிச்சைமுத்து.

"திருப்புறேன், திரும்ப மாட்டேங்குது. முன்சக்கரம் மெதந்துக்கிட்டுல்ல போகுது!" என்று இவர் மண்ணைத் தட்டினார்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். பின்பக்கம் குந்தியிருந்தது, முன்பக்கம் அண்ணாந்திருந்தது. எங்கள் வீட்டு மாட்டுவண்டியிலும் மூட்டையைப் பின்னால் ஏற்றிவிட்டால் நுகத்தடி இப்படித்தான் தூக்கிக்கொள்ளும்.

"பின்பாரமால்ல இருக்கு. முன்னாடியும் எறக்கச் சொல்லுங்க."

"முன்னாடி எதுக்கு? அதான் காலு எட்டிருச்சே."

"காலு எட்டிருச்சு. வண்டி எங்க ஊருக்கு எட்டணுமா, வேணாமா?"

ஞானமணி தலையைச் சொறிந்தான். "அக்கா சொல்றதையும் செஞ்சு பாத்துருவோம்" என்று முன்சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய் ஃபோர்க்கைப் பிடித்திருந்த கவ்விகளைத் தளர்த்தி, அந்தக் குழாய்களை மேலே தள்ளி முடுக்கினான். முன்பக்கம் தாழ்ந்தது. ஓட்டிப் பார்க்கப் போன இவர், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இப்ப நெனைக்கிறதுக்கு முந்தியே திரும்புதுப்பா!"

முன்பக்கம் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்துவிட்டது. ஞானமணி குழாய்களைப் பாதி கீழே விட்டான். வண்டி மட்டமாக நின்றது. இவர் கண்மாய்க்கரையில் போய்ப்போய் வந்தார். பிச்சைமுத்து வரப்பில் கம்போடு காவல் நின்றார். சற்று நேரத்தில் கம்பைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்.

ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சியது. வண்டி தாழ்ந்துவிட்டதால், அதிகம் சாய்த்துத் திருப்பினால் ஸ்டாண்டு தரையில் உரசியது. வளைவில் மெதுவாகப் போவதாக அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஏறினேன்.

காதுகுத்தன்று வாசலில் அண்ணன் ஒரு பக்கமும் மதினி ஒரு பக்கமும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க மாப்ளே! பயப்படாதீங்க, புடிச்சுக்கிறோம்!"

இவர் அவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றினார்.

"என்ன மச்சான், கோழி புடிக்கவா நிக்கிறீங்க?"

நான் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, எல்லோரும் பார்க்க இறங்கினேன்.

மதினிக்கு விரித்த கையை மடக்கத் தோன்றவில்லை. "அண்ணே, என்னைய ஒரு சுத்து கூட்டிப் போங்கண்ணே" என்றார்.

மதினி போய் வந்தார். பிறகு மதினியின் தங்கை. பிறகு சிரித்த அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டினார். ஆசாரி வந்து ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டபோது, தெருக்கோடியில் ஹாரன் சத்தமும் செவந்தியின் சிரிப்பும்தான் கேட்டன.