டைம்டேபிளுக்குச் செய்த அட்டைகள்

தையல்காரி கால் முறிந்து கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. பழத்தை வைத்த கையோடு, தைக்கக் கொடுத்த துணி என்னாயிற்று என்று கேட்டவர்களுக்கும் குறைவில்லை. விழுந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பெட்டியோடு வந்து இறங்கி, கூடவே தங்கியது மட்டும் ஒரே ஒருத்தி: அவள் புருஷனின் அக்கா. தெருவில் அந்த அம்மாளுக்கு ‘டைம்டேபிள்’ என்று பேர்.

தன் ஊர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆட்களுக்கு ஷிஃப்ட் போடுகிற வேலை அவளுக்கு. கக்கத்தில் எந்நேரமும் ஒரு பிளானர் இருக்கும். தோலட்டைக்குள் ஆறு வளையம், வளையத்தில் கோத்த தாள்கள், மேலே பட்டியும் பித்தானும். “அண்ணி சிரிக்கிறதுக்குக்கூட அதைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க, டைம்டேபிள்ல இருந்தாத்தான்” என்று எப்போதோ தையல்காரி வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் சொல்லி வைத்தாள். அவள் வாயிலிருந்து விழுந்த பேரைத் தெரு தரையில் விடுமா?

அதே டைம்டேபிள்தான் இப்போது அவளைத் தோளில் சாய்த்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். தலை வாரிவிட்டாள். மாத்திரைக்கு எழுப்பினாள். தைத்து முடித்துக் கிடந்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புருஷன்காரர் லாரியோடு எங்கோ தொலைவில் இருந்தார். போனில் மட்டும் ரொம்பக் கவலைப்பட்டார்.

அவர் சனிக்கிழமை இரவு வந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அக்கா கிளம்பிவிடுவாள் என்று ஏற்பாடு. கிளம்புவதற்குள் நன்றியைச் சொல்லியாக வேண்டுமே என்று தையல்காரிக்கு ஒரே தவிப்பு. ஒருநாள் ஆரம்பித்தும் பார்த்தாள்.

“அண்ணி, உங்களுக்கு நான் எப்படி நன்றி...”

“ஏம்மா, என்னை அசலூர்க்காரி ஆக்கிட்டியா? காலை நீட்டு. வீக்கம் வத்திச்சான்னு பார்க்கணும்.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாயால் ஆகாது, கையால்தான் ஆகவேண்டும் என்று தையல்காரிக்குப் புரிந்தது.

வழியை அந்தப் பிளானரே காட்டியது. உள்ளே பகுதி பகுதியாகப் பிரிக்க, டைம்டேபிள் மாத்திரை டப்பாக்களைக் கிழித்துச் செருகியிருந்தாள். வேலைப் பகுதிக்கு ஒரு வலி மாத்திரை டப்பா, வீட்டுப் பகுதிக்கு ஓர் இருமல் மருந்து டப்பா. சுருண்டும் கிழிந்தும் அவை நிற்கிற கோலத்தைப் பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்குக் கை அரித்தது. அழகான அட்டைகளை நாமே செய்து கொடுத்தால் என்ன?

பிளானர் தனியாகக் கிடப்பது அண்ணி குளிக்கும்போது மட்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் தையல்காரி ஒற்றைக் காலில் தத்திப் போய், தாளை டேப் வைத்து அளந்தாள்; வளைய ஓட்டைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு அது திருட்டு மாதிரியே தெரிந்தது. சாயங்காலம் வரை தெருவில் அப்படித்தான் பேச்சும் இருந்தது.

அண்ணி வெளியே போகிற நேரமெல்லாம் வேலை நடந்தது. பழைய காலண்டர் அட்டை, அதன்மேல் காலர் விறைப்பாக நிற்பதற்கு வைக்கிற பசைக் கேன்வாஸ், அதற்கும் மேல் துணி. இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் மூன்றும் ஒன்றாகிவிடும். துணி பொறுக்கத்தான் நேரம் பிடித்தது. வேலைப் பகுதிக்கு வெள்ளை; சலவைக்கூடத்துக்கு வேறென்ன நிறம்? வீட்டுப் பகுதிக்கு, படுத்த இடத்திலிருந்து பார்த்துக் கிடந்த ஜன்னல் திரையின் மிச்சம். மருந்துப் பகுதிக்கு, கட்டுப் போடும்போது ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்ட நீலப்பூ நைட்டி. ‘நல்ல துணி, எதுக்காவது ஆகும்’ என்று அதைத் துவைத்து மடித்து வைத்தவளும் அண்ணிதான்.

ஓரத்தைப் பல் கத்தரிக்கோலால் வெட்டி, தலைப்புகளைச் சங்கிலித் தையலில் போட்டாள். முகப்புக்கு ஒரு ரோஜா நிற அட்டை. அதில் அண்ணியின் பேரைத் தைக்க ஊசியை எடுத்தவளுக்கு, மனசில் முதலில் வந்து நின்றது இன்னொரு பேர். வெட்கிப்போய் அதை வெறுமையாகவே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பரிசு கைமாறியது. டைம்டேபிள் வளையத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கோத்தாள். பட்டியை இழுத்தாள். பித்தான் எட்டவில்லை. மூன்று பக்கமும் அட்டைகள், சேலைக்குக் கீழே தெரியும் உள்பாவாடை மாதிரி வெளியே நின்றன.

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்குச் சுற்றிலும் தையலுக்கென்று கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறது. ஒட்டுகிற அட்டைக்குத் தையல் ஏது? கைக்கு அதை யார் சொல்வது?

“குடுங்க அண்ணி, சுத்தி நறுக்கிடறேன்.” குரல் உடைந்துவிட்டது. “ஒண்ணு உருப்படியா செய்யலாம்னு பார்த்தா...”

டைம்டேபிள் பிளானரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “கத்தரிக்கோலைக் கீழே வை.”

“மூட மாட்டேங்குதே!”

“பட்டியை நீட்டு. வாடிக்கைக்காரி பெருத்துப்போய் வந்தா துணியைப் பிரிச்சு விடுவியா, அவ உடம்பை நறுக்குவியா?”

அழுகைக்கு நடுவில் தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மற்றக் காலால் மெஷினை மிதித்துப் பட்டிக்கு ஒட்டுப் போடத் தொடங்கினாள். விழுந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மெஷின் ஓடியது. டைம்டேபிள் பக்கத்தில் உட்கார்ந்து நீலப்பூவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீ காலுக்கு அழலை. இந்த நைட்டிக்குத்தான் அழுதே.”

“புதுசு அண்ணி அது.”

“சரி, முகப்புல ஏன் பேரு போடலை?”

“என்ன பேரு... போடறதுன்னு...”

“தெருவே கூப்பிடுதே, அதைப் போடு. நீ வச்சதுதானே?”

மெஷின் நின்றது. “யாரு சொன்னா?”

“உன் துணியைத் தூக்கிட்டு வீடு வீடா போனவ நான். ‘உங்க தம்பி பொண்டாட்டி வச்ச பேரு’ன்னு வாசல்லயே நிறுத்திச் சொன்னாங்க. அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு.”

யார் யார் சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை.

“தெரிஞ்சுமா அண்ணி இருந்தீங்க?”

“லீவைப் பிளானர்ல எழுதிட்டேனே. எழுதினதை நான் மாத்தறதில்லை.”

தையல்காரி தலையை நிமிர்த்தவில்லை. சிவப்பு நூலைக் கோத்து, ரோஜா நிற அட்டையில் அந்தப் பேரை எழுத்தெழுத்தாகத் தைத்தாள். கூலி வாங்கித் தைத்த எதையும் அவள் அவ்வளவு நிதானமாகத் தைத்ததில்லை. கடைசியில் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டைம்டேபிள் கிளம்பியபோது ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். கக்கத்தில் பிளானர் நீண்ட பட்டியோடு மூடியிருக்க, வெள்ளையும் நீலப்பூவும் ரோஜா நிறமும் வெளியே எட்டிப் பார்த்தன. படியிறங்கியவள் நின்றாள், பித்தானைக் கழற்றி, ஒரே இழுப்பில் நீலப்பூ அட்டையைப் பிடித்துத் திறந்து, என்னவோ குறித்தாள்.

“கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு வரேன். எழுதிட்டேன்.”

தையல்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து தேக்கி வைத்திருந்த மன்னிப்பை விழுங்கிவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொன்னாள்.

“சீக்கிரம் வாங்க அண்ணி.”